பிளாக் பண்ணினால் வீட்டுக்கு வருவார்

போன வாரம் டீ குடித்துக்கொண்டே ஃபேஸ்புக்கைத் திறந்தேன். எனக்குத் தெரிந்தவராக இருக்கலாம் என்று சொல்லி அவர் படத்தைக் கொண்டுவந்து நீட்டியது. நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் மாலை, கும்பிட்ட கை. தெரிந்தவர்தான். தெரியாமலே இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மீதி டீயைச் சிங்க்கில் கொட்டிவிட்டேன்.

அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. பயமெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு தடவை டைப் அடித்தால் என் போன் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த தடவை தானாகவே எடுத்துக் கொடுக்கும். அந்த உபகாரம் எனக்கு வேண்டாம்.

ஓசூரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வேனுக்கு அவர்தான் இன்சார்ஜ். கம்பெனி சூளகிரி பக்கம். கார்களுக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கிற வேலை, லைனில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். எங்களில் பாதிப் பேர் மூக்கண்டப்பள்ளியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தோம். வேன் ஓட்டுகிறவர் வேறு ஆள். இவர் காண்ட்ராக்டரின் ஆள், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவார். வேன் எந்த ஸ்டாப்பில் நிற்கும், யாருக்காகக் காத்திருக்கும், யாரை விட்டுவிட்டுப் போகும் என்பதெல்லாம் அவர் கையில்தான்.

மற்ற வேன்களுக்கு வாட்ஸப்பில் குரூப் இருந்தது. இவர் குரூப் வைக்கவில்லை, பிராட்காஸ்ட் வைத்திருந்தார். அவர் ஒரு தடவை அனுப்பினால் எங்கள் எல்லோருக்கும் தனித்தனியாக வந்து சேரும். பதில் போட்டால் அவருக்கு மட்டும் போகும். ஒருத்தியிடம் என்ன பேசினார் என்று இன்னொருத்திக்குத் தெரியாது. அவர் நம்பரை நாம் சேவ் பண்ணியிருந்தால்தான் மெசேஜ் வரும் என்பதால், வேனில் ஏறிய முதல் நாளே நம்பரைச் சொல்லி, சேவ் பண்ணச் சொல்லி, போனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார விடுவார்.

"அண்ணான்னு போட்டுக்கம்மா. பேரு எதுக்கு, கூடப் பொறந்தவனாட்டம் நெனச்சுக்கோ."

குரூப் என்றால் நாலு பேர் பார்ப்பார்கள், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆகவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. போனைத் தள்ளுவதற்கு முன்னால் கட்டைவிரலை நாக்கில் வைத்து ஈரப்படுத்திக்கொள்வார். டச் போனுக்கு எச்சில் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு நக்கு. வெயில் அடிக்கிற பக்கம் உட்கார்ந்திருந்தால் அந்தக் கண்ணாடியில் நீளமாக ஈரக் கோடு பளபளப்பது பின் சீட்டு வரைக்கும் தெரியும். என் போனையும் அந்த விரலால்தான் முதல் நாள் தள்ளிப் பார்த்தார். இதை எழுதும்போதுகூட விரலைப் புடவையில் துடைத்துக்கொள்கிறேன்.

மெசேஜ்கள் ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கும். 'வேன் கிளம்பிருச்சு', 'பத்து நிமிசம் லேட்', 'சானமாவுல யானை ரோட்டுக்கு வந்திருக்குது, இன்னிக்கு எல்லாரும் மெயின் ரோட்டுக்கு வந்துடுங்க.' இதெல்லாம் தேவையான சமாச்சாரம். சானமாவு எங்கள் வழியில் இருக்கிற காடு, அங்கே யானை இறங்கிவிட்டால் வண்டியை நிறுத்திவிடுவார்கள், அதனால் முன்கூட்டியே கிளம்ப வேண்டும், ஸ்டாப் மாறும். ஆகவே அவர் மெசேஜைப் பார்க்காமல் யாரும் வேலைக்குப் போக முடியாது. அந்த ஒரு கொக்கியை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் உள்ளே இறக்குவார். காலையில் ரோஜாப்பூ. மத்தியானம் 'சாப்டியாம்மா'. சாயங்காலம் 'மூஞ்சி ஏன் வாடியிருந்துச்சு'. பிறகு வாய்ஸ் மெசேஜ்.

வேனில் அவர் குரல் கரகரவென்று இருக்கும். "உள்ள போம்மா, வழியில நிக்காத" என்று அதட்டுவார். வாய்ஸ் மெசேஜில் வருவது வேறு குரல். குழைந்து, இழுத்து, நடுவில் டீயை உறிஞ்சி, உறிஞ்சின சத்தத்தையும் சேர்த்து அனுப்புவார். காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். முதல் தடவை கேட்டபோது இயர்போனைப் பிடுங்கி எறிந்தேன்.

ஆனால் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. அதுதான் அவர் சாமர்த்தியம். யாராவது முகம் சுளித்தால் கையை விரித்துக்கொண்டு கேட்பார், "நான் தப்பா ஏதாச்சும் சொல்லிட்டனா?" யாரைப் பார்த்தும், எந்த இடத்திலும், இதே கேள்வி. சாப்பிட்டாயா என்று கேட்பதில் என்ன தப்பு என்று எந்த வாயால் விளக்குவது?

ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். ரூமில் மற்றவர்கள் ஷிஃப்டுக்குப் போய்விட்டார்கள். கதவைத் தட்டினார், கையில் இட்லிப் பொட்டலம். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்று, நான் ஒரு வாய் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். நல்ல மனுஷன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அதற்குப் பிறகு அந்த இட்லி என்னை விடவில்லை. பதில் போடாத நாளெல்லாம், "அன்னிக்கு இட்லி வாங்கியாந்தனே, அந்த அண்ணனுக்கு ஒரு குட்மார்னிங் போடக்கூட நேரமில்லையா" என்று வாய்ஸ் வரும். அந்த இட்லியை இந்த ஜென்மத்தில் ஜீரணிக்க முடியாது போலிருக்கிறது.

அவருக்குத் தாங்கவே முடியாத ஒன்று ஒற்றை டிக். அனுப்பின மெசேஜ் போய்ச் சேராமல் ஒரே ஒரு சாம்பல் டிக்கோடு நின்றுவிட்டால் பிளாக் பண்ணிவிட்டாள் என்று அர்த்தம். முன் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக எச்சில் விரலால் தள்ளித் தள்ளி டிக்கைத்தான் பார்த்துக்கொண்டு வருவார். ரெண்டு டிக்கும் நீலமாக இருந்தால் மேலே போவார். ஒற்றை டிக் கண்ணில் பட்டால் திரும்பி எங்களைப் பார்ப்பார். நாங்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம்.

முதலில் பிளாக் பண்ணியது ஜூஜுவாடியில் ஏறுகிற அக்கா. கன்னடக்காரி, ரெண்டு பிள்ளை பெற்றவள், வாய்த்துடுக்கு அதிகம். "கொளகு மனுஷ்ய" என்று கன்னடத்தில் திட்டிக்கொண்டே எங்கள் கண்ணெதிரில்தான் பிளாக் பண்ணினாள். அழுக்குப் பிடித்த ஆள் என்று அர்த்தம். அடுத்த வாரம் சானமாவில் யானைக் கூட்டம் இறங்கியது. வேன் சீக்கிரமே கிளம்பிவிட்டது. அந்த ஸ்டாப்பில் ஏறுகிறவள் அவள் ஒருத்திதான், சொல்ல ஆள் இல்லை. நாங்கள் போன் பண்ணிச் சொல்வதற்குள் வேன் ஜூஜுவாடியைத் தாண்டி மூக்கண்டப்பள்ளிக்கே வந்துவிட்டது. அவளுக்கு அன்றைக்கு ஆப்சென்ட். மறுநாள் ஏறும்போது, பூ மாதிரி சிரித்துக்கொண்டு சொன்னார், "நான் மெசேஜ் போட்டனே தங்கச்சி. எல்லாருக்கும் போச்சு, உனக்குத்தான் போவல. போன்ல ஏதாச்சும் கோளாறா?"

நானும் அந்த அக்காவும் எச்ஆர் மேடத்திடம் போனோம். மேடம் எங்கள் போன்களை வாங்கிக் கொஞ்ச நேரம் தள்ளிப் பார்த்தார். ரோஜா, பிள்ளையார், குழந்தை படம், மறுபடியும் ரோஜா.

"இதுல என்னம்மா இருக்கு? எங்க மாமனாரும்தான் தெனம் அனுப்பறாரு."

"அந்த வாய்ஸைக் கேளுங்க மேடம்."

கேட்டார். "சாப்டியான்னுதானே கேக்கறாரு" என்றார். அதோடு முடிந்தது. அந்த வருஷம் மகளிர் தினத்துக்குப் பெண்களைப் பத்திரமாக அழைத்து வருகிறவர் என்று அவருக்கு ஒரு சால்வையும் போட்டார்கள். நாங்கள்தான் கை தட்ட வேண்டியிருந்தது. அக்கா வேண்டா வெறுப்பாகத் தட்டிவிட்டு, வயிறு கலக்குகிறது என்று எழுந்து போய்விட்டாள்.

வாட்ஸப்பில் மட்டும் அடைத்தால் போதாது. ஃபேஸ்புக்கில் வருவார். அங்கே அடைத்தால் மனைவி பெயரில் வருவார். அந்த அம்மாவின் ஐடியிலிருந்து எனக்கு ரிக்வெஸ்ட் வந்தது, பொம்பளைதானே என்று சேர்த்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு கொடுக்க அந்த அம்மா வேன் நிற்கிற இடத்துக்கு வந்தாள். மெலிந்த உருவம், பயந்த கண். நான் போய் சிரித்து, "ஃபேஸ்புக்ல நாம ஃபிரண்டு இல்லீங்களா" என்று கேட்டேன். "எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. எம் பேருல இருக்கறதும் அவருதான் பாக்கறாரு" என்றாள், அதில் ஒன்றுமே இல்லாத மாதிரி. நான் அந்த ஐடியின் போட்டோக்களுக்கெல்லாம் போட்ட லைக்கை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி ஒவ்வொன்றாகத் தேடித் திரும்ப எடுத்தேன்.

இப்படியே பழகிவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். வந்ததைப் பார்க்காமல் திறந்து மூடிவிடுவோம், நீலமாகிவிடும், அன்றைய பொழுது ஓடும். அப்போதுதான் கோகிலா வந்தாள்.

ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். அவள் அப்பா ஒரு மாந்தோப்பில் காவல் இருந்தார். மாதச் சம்பளம் என்று ஒன்றை அந்த வீட்டில் முதல் முதலாக வாங்கியவள் இவள்தான். வீட்டில் மாமன் மகனுக்குக் கட்டிவைக்க அவசரப்பட்டார்கள், ரெண்டு வருஷம் வேலைக்குப் போகிறேன் என்று அழுது கேட்டு வந்திருந்தாள். ஏதாவது ஒரு பேச்சு வந்தால் போதும், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். எங்கள் ரூமில்தான் தங்கினாள்.

முதல் வாய்ஸ் மெசேஜைக் கேட்டதுமே பிளாக் பண்ணிவிட்டாள். நான் சொன்னேன், "மியூட்ல போட்டுட்டுப் போயேன் கோகிலா."

"எதுக்குக்கா? அந்தச் சத்தம் என் போனுக்குள்ள இருக்கறதே எனக்கு ஒரு மாதிரி இருக்குது."

ஸ்டாப் விவரம் நாங்கள் சொல்லிவிடுவோம், அதனால் அவரால் வேனை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. ஒரு நாள் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகுதான் அவர் செய்ததைச் செய்தார். வேனுக்குச் சேரும்போது அவசரத்துக்கென்று எல்லோரும் வீட்டு நம்பர் ஒன்று கொடுத்திருந்தோம். அந்த நம்பரில் கோகிலாவின் அப்பாவைக் கூப்பிட்டார்.

"ஒண்ணுமில்லைங்க, பாப்பா போனு எங்களுக்கு எட்ட மாட்டேங்குது. எல்லா பொண்ணுங்களுக்கும் போவுது, உங்க பொண்ணுக்கு மட்டும் போவல. யாருகிட்ட பேசிக்கினு இருக்குதோ என்னமோ. பார்டர் ஊரு பாருங்க, நாலு ஊரு பசங்க சுத்தறானுங்க. நம்ம பொண்ணாட்டம் நெனச்சு சொல்றன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பா வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நல்ல உயரம். ரூம் வாசலில் அவர் நிற்கும்போதே இன்சார்ஜும் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து சேர்ந்தார். பக்கத்து ஊரில் நிலபுலன் உள்ள குடும்பம் இவருடையது. பேச்சிலேயே அது தெரியும், தெரியும்படிதான் பேசுவார். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். நாற்காலியைப் போட்டும் உட்காரவில்லை.

"அந்தாளு நம்பரை எதுக்கும்மா அடைச்சு வெச்ச? உன் நல்லதுக்குத்தான சொல்றாரு?"

"அப்பா, அவரு எனக்கு..."

"என்ன சொன்னாரு? தப்பா பேசினாரா?"

கோகிலா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். சாப்பிட்டாயா என்று கேட்டார் என்று சொல்ல வேண்டும். இவர் கையை விரித்துக்கொண்டு, "கேளுங்க, நான் தப்பா ஏதாச்சும் சொல்லிட்டனா?" என்றார். நான் இடையில் பேசினேன். அப்பா என்னைக் கையமர்த்திவிட்டார்.

"தொறந்து உடு."

அவள் அசையவில்லை. அப்பாவே அவள் போனை வாங்கினார். அவருக்கு அவள் வாங்கிக் கொடுத்த ஒரு டச் போன் உண்டு, வந்ததை அழுத்திக் கேட்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்த ஆளிடமே நீட்டினார். "நீங்களே பண்ணிருங்க சார்."

இவர் வாங்கினார். கட்டைவிரலை நாக்கில் வைத்தார். கோகிலாவின் போனில், கோகிலா பார்த்துக்கொண்டிருக்கும்போது, தன் பெயரைத் தானே தேடி எடுத்து, தன்னைத் தானே திறந்துவிட்டுக்கொண்டார். "ஆச்சு" என்று சிரித்தபடி அவள் கையில் கொடுத்தார். அப்பா கும்பிட்டு, "நீங்கதான் சார் பாத்துக்கணும்" என்றார். எனக்கு அந்த ஆள்மேல் வந்த அருவருப்பைவிட அந்தக் கும்பிடுமேல்தான் அதிகம் வந்தது.

அவர்கள் போன பிறகு கோகிலா துப்பட்டாவால் போனைத் துடைத்தாள். பிறகு தண்ணீர் நனைத்துத் துடைத்தாள். பிறகு பாத்திரம் தேய்க்கிற சோப்பைத் துணியில் தொட்டுத் துடைத்தாள்.

அன்றிலிருந்து வாய்ஸ் மேல் வாய்ஸ். அவள் எதையும் திறக்கவில்லை. வாய்ஸ் மெசேஜில் இன்னொரு வசதி உண்டு, கேட்டால்தான் பக்கத்தில் இருக்கிற மைக் படம் நீலமாகும். நீலமாகவில்லை என்று மறுபடியும் அப்பாவுக்குப் போன் போட்டார். அப்பா கொதித்துப்போய் மறுபடியும் பஸ் ஏறி வந்தார்.

"ஒண்ணு, போனைக் குடு. இல்ல, துணியை எடுத்துக்கினு இப்பவே கெளம்பு. ஊருல நாலு பேரு பேசறதுக்கு முன்ன உன்ன உங்க மாமன் ஊட்டுல சேத்துடறன்."

கோகிலா போனைக் கொடுத்தாள். லாக்கை எடுத்துவிட்டுக் கொடுத்தாள். எப்படி அழுத்தினால் சத்தம் பெரிதாகக் கேட்கும் என்றும் காட்டினாள். "நீங்களே வெச்சுக்கோங்கப்பா. அதுல என்ன வந்தாலும் நீங்களே கேளுங்க. எனக்குப் பேசணும்னா அக்கா போனுக்குக் கூப்பிடுங்க" என்றாள். வேனுக்கு நடக்கும்போது என்னிடம், "நான் சொன்னா அப்பாவுக்கு வெளங்கலக்கா. அவரு காதாலயே கேக்கட்டும்" என்றாள். கேட்டும் அவருக்கு விளங்காமல் போனால் அவள் கதை முடிந்தது, அது எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியும்.

அந்த வாரம் இன்சார்ஜ் இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். புதுச் சட்டை. சென்ட். முன் சீட்டில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். டிக்கெல்லாம் நீலம், மைக்கெல்லாம் நீலம். உடனுக்குடனே நீலம். பெண் வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார். ஏறும்போது அவளைப் பார்த்து, யாருக்கும் தெரியாததாக நினைத்துக்கொண்டு, ஒரு கள்ளச் சிரிப்புச் சிரிப்பார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பின் சீட்டுக்கு வந்துவிடுவாள். மாந்தோப்பில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஒரு பெரிய மனுஷன் அதையெல்லாம் ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அப்பா என் போனுக்குக் கூப்பிடுவார். முதல் நாள் வழக்கம் போல எல்லாம் விசாரித்தார். அடுத்த நாள் பேச்சு குறைந்தது. அதற்கடுத்த நாள் கோகிலா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அந்தாளு தெனமும் வேன்ல வரானா?"

முதல் தடவையாக 'வராரா' போய் 'வரானா' வந்திருந்தது.

"வர்றாருப்பா."

"நீ எங்க உக்காருவ?"

"பின்னாடி."

"பின்னாடியே உக்காரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை எங்களுக்கு மத்தியான ஷிஃப்ட். ஸ்டாப்பில் எங்களுக்கு முன்னாலேயே அப்பா வந்து நின்றிருந்தார். மகளிடம் ஒன்றும் பேசவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. வேன் வந்தது. எங்களோடு ஏறினார்.

இன்சார்ஜுக்கு வாயெல்லாம் பல். "அடடே, வாங்க வாங்க. ஓசூர் வரைக்குமா? உக்காருங்க."

அப்பா உட்காரவில்லை. இந்தத் தடவை துண்டு தோளிலேயே இருந்தது. முன் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, சட்டைப் பையிலிருந்து கோகிலாவின் போனை எடுத்தார். பின்னால் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டின போன். அதைப் பார்த்ததும் இவர் முகம் வெளுத்ததை நான் கண்ணாரப் பார்த்தேன்.

"இதுல ஒரு ஆளு பேசறான் சார். எனக்குப் படிப்பு இல்ல, வெளங்கல. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

அழுத்தினார். சத்தம் முழுசாக வைத்திருந்தார். டிரைவர் பாட்டை நிறுத்தினார்.

"கோகீ... சாப்டியா கண்ணு..." டீ உறிஞ்சுகிற சத்தம். "இன்னிக்கு அந்தப் பச்சைச் சுடிதாரு... அண்ணனுக்காகத்தான போட்டுக்கின... சொல்ல மாட்டியா... சொல்லாத... சொல்லாட்டியும் தெரியும்..."

வேனில் எல்லோருக்கும் தெரிந்த குரல்தான். ஒவ்வொருத்தியும் தனியாக, காதுக்குள்ளே கேட்டது. பட்டப்பகலில், இருபது முப்பது பேர் நடுவில், பெரிதாகக் கேட்டதில்லை. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அடுத்ததை அழுத்தினார்.

"உங்கப்பன் வெகுளி மனுஷன்டி. நான் சொன்னா நம்பிக்குவான். நீ பிளாக் பண்ணா நான் எங்க போவேன்... உங்க ஊட்டுக்குத்தான போவேன்..." சிரிப்பு. மறுபடி ஒரு உறிஞ்சல்.

இவர் போனைப் பிடுங்கக் கை நீட்டினார். அப்பா கையை உயர்த்திக்கொண்டார், அந்த உயரத்துக்கு இவர் கை எட்டவில்லை.

"பாசத்துல பேசறதுங்க. எனக்கும் ஒரு பொண்ணு இருக்குது" என்று எங்கள் பக்கம் திரும்பினார். கையை விரித்தார். "நீங்களே சொல்லுங்கம்மா, நான் தப்பா ஏதாச்சும் சொல்லிட்டனா?"

ஜன்னலோர சீட்டிலிருந்து ஜூஜுவாடி அக்கா சொன்னாள், "ஆமா, சொன்ன."

அப்பா குனிந்து, மெதுவாகத்தான் பேசினார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "ஒரு வாரமா நீ பேசினது எங்கிட்டடா. நீ கண்ணுன்னு கூப்பிட்டது என்னை."

இன்சார்ஜ் வாயைத் திறந்தபடியே இருந்தார். அந்த ஈர நாக்கு உள்ளே சும்மா கிடந்தது.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அப்பா இறங்கினார். கோகிலாவும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இனி என்ன, ஊருக்குத்தான் என்று அவள் முடிவு பண்ணிவிட்டாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் படிக்கட்டுக்கு வந்ததும் அப்பா கீழே நின்றபடி கேட்டார்.

"நீ எதுக்கு எறங்கற?"

"ஊருக்கு..."

"ஊருல என்ன இருக்குது? ஷிஃப்டுக்குப் போ." போனை அவள் கையில் வைத்தார். அப்போதும் அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே கூட்டத்தில் போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோகிலா அழவில்லை. சீட்டுக்கு வந்து உட்கார்ந்து, எல்லோருக்கும் முன்னால், அந்த நம்பரை அடைத்தாள்.

பிறகு எல்லாப் பெண்களுமாகச் சேர்ந்து எச்ஆரில் அந்த வாய்ஸைப் போட்டுக் காட்டினோம். மேடம் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் பேசினார். என்ன செய்தார்கள் தெரியுமா? வேறொரு கம்பெனி வேனுக்கு மாற்றினார்கள். அங்கேயும் பெண்கள்தான் ஏறுகிறார்கள். நோய் பிடித்த மாட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் ஓட்டிவிட்ட மாதிரி. அந்தப் பெண்களுக்கு நாங்கள் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினோம், அதைத்தான் எங்களால் செய்ய முடிந்தது.

அவரை நாங்கள் மறக்கத் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம். கோகிலா அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கூப்பிட்டார். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அந்த நாயி எனக்கு அனுப்பறான்மா."

"எந்த நாயிப்பா?"

"அவன்தான். வேற நம்பருல. நேத்திக்கு ஒரு ரோஜாப்பூ வந்துச்சு. யாரோன்னு நெனச்சன். இன்னிக்குப் பேசி அனுப்பறான். 'அய்யா, சாப்டீங்களா, எம்மேல கோவமா'ன்னு கேக்கறான். அதே கொரலும்மா. அதே மாதிரி டீ குடிச்சுக்கினு." காறித் துப்புகிற சத்தம் கேட்டது. "ஒடம்பெல்லாம் புழு ஊர்றாப்புல இருக்குது. தொட்டில ரெண்டு வாட்டி தண்ணி ஊத்திக்கினு வந்துட்டன்."

கோகிலா அடுப்பை அணைத்தாள்.

"அடைக்கறது எப்பிடின்னு சொல்லு" என்றார்.

சொன்னாள். பெயர் இருக்கிற இடத்தில் மேலே அழுத்தணும், மூணு புள்ளி இருக்கும், இல்லப்பா அது போன் பண்றது, அதுக்குப் பக்கத்துல, இப்ப கீழே சிவப்பா ஒண்ணு வரும். பொறுமையாகத்தான் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டே அழுத்துவது கேட்டது. நாங்கள் ரூமில் இருந்த எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம்.

"ஆச்சு. போயிட்டான்."

"சரிப்பா. இனிமே வராது."

அவர் வைக்கவில்லை.

"பாப்பா, இன்னொரு வாட்டி பண்ணலாமா?"

"எதுக்குப்பா? ஒரு வாட்டி பண்ணாப் போதும்."

"பத்தலம்மா" என்றார்.